நினைத்தால் வரும் தண்ணீர்

வெள்ளூரணியில் பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கும் முன்பு, இன்றைக்கு மெஷினில் படுத்திருப்பது யார், அவர் என்ன நினைக்கப் போகிறார் என்று விசாரித்துக்கொள்வது வழக்கம். மற்ற ஊர்களில் தண்ணீர் திறந்துவிடும் ஆளை விசாரிப்பார்கள், அவர் கிடைக்காவிட்டால் பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டுவார்கள். இந்த ஊரில் அதெல்லாம் ஓய்ந்துபோன சமாசாரம். மூடிக்கிடந்த பஞ்சாலையின் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் டாக்டர் ஜெனோவா மூளையைப் படம்பிடிக்கும் அந்தப் பெரிய மெஷினை இறக்கிவைத்த வருஷத்திலிருந்து, அதற்குள் படுத்தவரின் மண்டைக்குள் ரத்தம் எந்தப் பக்கம் கூடுதலாக ஓடுகிறதோ, ஊருக்குள் அந்தப் பக்கத்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஜெனோவா நாகர்கோவில் பக்கத்துக்காரர். மனுஷ மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை, அதுதான் பொழுதுபோக்கு, சாப்பிட உட்கார்ந்தால் குழம்பை மறந்துவிட்டு அதைப் பற்றித்தான் பேசுவார். மெஷின் நிற்கிற பூமி அதிரக் கூடாதாம். அதனால் ரயில் ஓடாத, கல்குவாரி இல்லாத, லாரிகூட வேண்டாவெறுப்பாக எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற ஓர் ஊரைத் தேடி அலைந்து, சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில், ஊரணி வற்றி வெடித்துக்கிடந்த இந்த ஊரைக் கண்டுபிடித்தார். வந்த புதிதில் வீடுவீடாகப் போய், வந்து படுங்கள், ஊசி கிடையாது, வெட்டு கிடையாது, சும்மா படம்தான் என்று கெஞ்சினார். மூளையை உறிஞ்சிவிடும் என்று பயந்து ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் தையல்காரர் சிக்கந்தர் பாய்தான், பொம்பளைப் பிள்ளை இவ்வளவு தூரம் கேக்குதே என்று இரக்கப்பட்டுப் போய்ப் படுத்தார். வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள் என்று டாக்டர் மைக்கில் சொன்னார். மெஷின் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி டொம் டொம் என்று இடிக்க, பாய் விரலை மடக்கி நீட்ட, கடைத்தெருவுக்கு மேற்கே செக்கடித் தெருவில், தை மாதத்திலிருந்து வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்த குழாய் ரெண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. அந்தக் குழாயடியில் நின்றிருந்தவள் சண்முகக்கனி. அவள் ஆச்சரியப்படவில்லை, தண்ணீர் வரும் நேரத்தில் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு அரைக்குடம்கூடச் சேராது. பாய் கையை நிறுத்தியதும் குழாயும் நின்றது. இடது கையை ஆட்டியபோது கடைத்தெருவுக்குக் கிழக்கே தண்ணீர் வந்ததென்று அங்கிருந்து ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள்.

டாக்டர் அன்று சாயங்காலமே செக்கடித் தெருவுக்கு வந்து குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது கைக்கு மூளையின் இடது பக்கம் என்று அவர் சொன்னபோது, ஆமா, அதான் மேக்க வந்துச்சு என்று பெண்கள் தலையாட்டினார்கள். நினைத்த உடனே ரத்தம் போய்ச் சேராது, கொஞ்சம் பிந்தித்தான் சேரும் என்றார். நாங்களும் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற நேரம் நின்னோம், அப்பறம்தான் வந்துச்சு என்றார்கள். எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று டாக்டர் கைகளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். எப்படி வருகிறது என்று கேட்டவர்கள் அந்த ஊரில் குறைவு, எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு கிட்டங்கி வாசலில் கூட்டம் நெரிந்தது. உலகத்தில் எந்த ஊரிலும் ஒரு மூளை டாக்டருக்கு இப்படி ஊரே திரண்டு வந்து தலையைக் கொடுத்திருக்காது. உள்ளே இரும்பு, நகை எதுவும் ஆகாது என்றதும் பெண்கள் தாலியைக் கழற்றுவதற்கு முதலில் முரண்டு பிடித்தார்கள். பிறகு அவர்களே யோசித்து, ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தங்கத்தை மாமியார் கையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நாளில் கிட்டங்கி வாசலில் மஞ்சள் கிழங்குக் கூடை ஒன்று நிரந்தரமாகவே உட்கார்ந்துவிட்டது.

ஊர் ஒவ்வொரு தெருவாகத் தன்னைத் தெரிந்துகொண்டது. வடக்கே பஸ் ஸ்டாண்டுதான் நெற்றி, தெற்கே தபாலாபீஸ் தெருதான் பிடரி. கண் முகத்தில் இருக்க, பார்ப்பதெல்லாம் பிடரியில் நடக்கிறது என்பதை வெள்ளூரணிக்காரர்கள் தபாலாபீஸ் தெருக்குழாயில் கண்ணால் கண்டார்கள், மெஷினுக்குள் ஒரு பூப்படத்தைக் காட்டினால் அங்கே குடம் நிறைந்தது. பேச்சுக்கு ரைஸ்மில் தெரு. கணக்குப் போட்டால் பள்ளிவாசல் தெரு. பயத்துக்கு வாதாமரத்துச் சந்து. அந்தச் சந்துக்காரர்கள் படுக்கிற ஆளைப் பயமுறுத்தச் சொல்லி டாக்டரை நச்சரித்தார்கள். பாம்புப் படத்துக்கு மேல் காட்ட மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தங்கள் சந்திலிருந்தே பயந்த சுபாவக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பாலும் பழமும் கொடுத்து, அவருடைய பயம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளிவாசல் தெருக்காரர்கள் செய்த தப்பை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. கணக்குக்குத் தண்ணீர் வருகிறதென்று தெரிந்ததும், அவர்கள் மாலை போடாத குறையாகக் கணக்கு வாத்தியாரை அழைத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். பதினேழையும் இருபத்து மூன்றையும் பெருக்கச் சொன்னால் அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பெருக்கினார், குழாயில் நூல் மாதிரி ஒழுகியது. மறுநாள் ஆறாம் வகுப்பைத் தாண்டாத டீக்கடை அந்தோணியைப் படுக்கவைத்தார்கள். அவர் பதினேழை வைத்துக்கொண்டு இருபத்து மூன்றோடு மல்லுக்கட்ட, நுரைத்துக்கொண்டு வந்தது தண்ணீர். பழகின வேலைக்கு மூளை அதிகம் அலட்டிக்கொள்ளாது, திணறுகிறவர் மூளைதான் ஓடி ஓடி உழைக்கும் என்று டாக்டர் சொன்னார். விடை தப்பா வந்தாலும் பரவாயில்ல மாப்ள, விட்டுராம போடு என்று பள்ளிவாசல் தெருவே அந்தோணிக்குத் தெம்பு சொல்லியது.

சும்மா கிடந்தால் தண்ணீர் நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் இல்லை. ஒன்றும் நினைக்க வேண்டாம், அப்படியே படுத்திருங்கள் என்று டாக்டர் சொன்னால் சந்தைப்பேட்டைக் குழாயில் நிதானமாக வந்துகொண்டே இருந்தது. மூளை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை, வேலை கொடுக்காவிட்டால் தன் பழைய கதை, நாளைய கவலை என்று எதையாவது பின்னிக்கொண்டே இருக்கும் என்றார் டாக்டர், அதைச் சொல்லும்போது தன் சொந்தப் பிள்ளை நடக்கப் பழகியதைச் சொல்கிற முகம் அவருக்கு. சண்முகக்கனிக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிற வழியில் கிட்டங்கித் திண்டில் குடத்தை இறக்கிவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிற படங்களைப் பார்ப்பாள். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, அதில் அங்கங்கே கங்கு மாதிரி சிவப்பு. நம்ம தலைக்குள்ளயும் இப்படித்தான் ஓயாம எரியுதா டாக்டரம்மா என்று கேட்பாள்.

"உங்க தலைக்குள்ள இன்னும் ஜாஸ்தி எரியும், சண்முகக்கனி. மூணு வீட்டுச் சண்டையையும் சேர்த்து வெச்சிருக்கீங்களே" என்பார் டாக்டர்.

ஊரின் உச்சியில் இருந்த மேட்டுத் தெருவும், ஊரிலேயே தாழ்ந்து கிடந்த ஊரணிக்கரைத் தெருவும்தான் கடைசியில் பிடிபட்டன. மேட்டுத் தெருக் குழாய்க்குக் கையை ஆட்ட வேண்டியதில்லை, ஆட்டுவதாக நினைத்தாலே போதும். உலக்கை போடுவதாக, மாவு பிசைவதாக, கிணற்றில் இறைப்பதாக ஆசையாசையாக நினைத்தால், படுத்தவர் விரல்கூட அசையாமல் இருக்க, அங்கே தண்ணீர் வந்தது. ஊரணிக்கரைத் தெருவுக்கு வீட்டை நினைக்க வேண்டும். வாசல்படி ஏறி, முன்கட்டைத் தாண்டி, அடுப்படிக்குப் போய், பின்வாசல் வழியாக வெளியே வருவதாக நினைத்தால், அந்தத் தெருக்குழாய் கடகடவென்று கொட்டும். கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் ஊருக்கு வந்தால் ஒருநாள் மெஷினில் படுத்து, இடித்துக் கட்டப்பட்டுவிட்ட தங்கள் பிறந்த வீட்டுக்குள் நடந்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரில் ஊரணிக்கரைத் தெருக்காரர்கள் பாத்திரம் கழுவ மாட்டார்கள், சமைக்க மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்குள் ஊரில் முறைவரிசை ஒன்று ஏற்பட்டு, எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு யார் படுப்பது என்று சந்தைப்பேட்டையில் கூடிப் பேசிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டம் பேசுகிறவள் மேட்டுத் தெருப் பூச்செண்டு. தன் தெருவுக்கு உரிய நேரத்தில் ஒரு நிமிஷம் குறைந்தாலும் அவள் வாய்க்கு முன் ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

இப்படித் தண்ணீர்க் கஷ்டம் ஓரளவு தீர்ந்திருந்த ஒரு சித்திரை மாதத்தில்தான் சண்முகக்கனியின் புருஷன் இருளப்பன் விழுந்தார். இருளப்பன் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா மாஸ்டர். மாவை வீசினால் வேட்டி மாதிரி விரியும், அதைப் பார்ப்பதற்கென்றே வயிறு நிறைந்தவர்களும் கடைக்கு முன் நிற்பார்கள். மைதா வாங்கப் போனவரை பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. உடம்பில் பெரிய காயம் இல்லை, தலையில்தான் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்துவிட்டு, உயிர் இருக்கிறது, நினைவு இல்லை, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும், இமைக்கும், தூங்கும், விழிக்கும். கூப்பிட்டால் திரும்பாது. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கனி கஞ்சியையும் பாலையும் விட்டுக்கொண்டிருந்தாள். விடும்போதெல்லாம் ஊர்க் கதையைச் சொல்லிக்கொண்டே விடுவாள், அந்தோணி நேற்று என்ன கணக்கில் மாட்டினார், வாதாமரத்துச் சந்துக்காரருக்கு எப்படிப் பயம் தெளிந்துபோய்ச் சந்தே கவலையில் இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வாள். அவர் கண் முகட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை பொய்த்து, கார்த்திகையும் போய், மறு கோடை வந்தது. இருளப்பனின் உடம்பு பாதியாகிவிட்டது, முதுகில் புண் வந்து ஆறி மறுபடி வந்தது. அவருடைய அண்ணன் சங்கரபாண்டி ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தாயி, இவனை நான் தோள்ல தூக்கி வளத்தவன். சொல்ல வாய் வரல. ஆனா இது என் தம்பி இல்ல. அவன் அந்த ரோட்டுலயே போயிட்டான். இந்த உடம்பைப் போட்டு நாம வதைக்கோம். அந்த மூக்குக் குழாயை எடுத்துரலாம். நான் வீட்டுக்குக் கொண்டுபோயி, அம்மா செத்த எடத்துல படுக்கவெச்சு, மரியாதையா அனுப்பிவெக்கேன்."

கனிக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், பல இரவுகளில் தனக்கும் அதே நினைப்பு வந்து, எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "மச்சான், உள்ள ஆள் இருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்தா ஒரு தரமாவது நம்மளப் பாக்க மாட்டானா தாயி?"

"கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் மச்சான். நம்ம ஊர்ல கேக்கதுக்கு எடம் இருக்குல்லா."

அவர் மறுக்கவில்லை. தெருக்குழாய் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

கனி டாக்டர் ஜெனோவாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர், இப்படிக் கிடக்கிற சிலரை இந்த மாதிரி மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கையை ஆட்டுவதாக நினையுங்கள் என்று சொன்னால் அசையாத உடம்புக்குள் மூளை அதை நினைத்துக் காட்டியிருக்கிறது, எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு என்றார். "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, சண்முகக்கனி. தண்ணி வந்தா அவர் இருக்கார். வரலைன்னா அவர் இல்லைன்னு அர்த்தம் இல்ல. தூங்கிருக்கலாம், களைச்சிருக்கலாம், நம்ம கேள்வி அவருக்குப் போய்ச் சேராம இருக்கலாம். வரலைங்கிறதை வெச்சு யாரும் எதையும் முடிவு பண்ணக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா நான் தயார்." சங்கரபாண்டியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார், முழுமனதாகத் தலையாட்டினார் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் இருந்தது. மெஷின் நேரம் முழுக்கத் தெருக்களுக்குப் பங்கு போடப்பட்டிருந்தது, கோடை வேறு. இருளப்பனை ஒரு காலைப்பொழுது முழுவதும் படுக்கவைத்தால் அன்றைக்கு ஊரில் யார் வீட்டிலும் உலை வைக்க முடியாது. சந்தைப்பேட்டையில் கூட்டம் கூடியது. நெனப்பே இல்லாத ஆளைப் படுக்கவெச்சா எந்தக் குழாயில வரும், பாவம்தான், அதுக்காகப் பிள்ளைகள் தாகத்துல கெடக்கணுமா என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான், அதனால் யாரும் அவரை அடக்கவில்லை. கனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பூச்செண்டு எழுந்தாள். கூட்டம் பதுங்கியது.

"ஏத்தா கனி, அந்த மனுசனுக்கு என்ன நெனக்கத் தெரியும்?"

"பரோட்டா வீச நெனப்பாக, மதினி. இருந்தாகன்னா."

"வீசுற நெனப்புன்னா எங்க மேட்டுத் தெரு. எங்க முறையை எடுத்துக்கோ. காலைல எங்களுக்குத் தண்ணி வேண்டாம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "எங்க தெரு விட்டுக் குடுத்துருச்சு. இனி நீங்க என்ன பண்ணுவீகளோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் எந்தத் தெருவுக்குக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முகம் இருக்கும்? ஒவ்வொரு தெருவாக விட்டுக்கொடுத்தது, கேள்வி கேட்டவர் கடைசியில் தானே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

கேள்விகளைக் கனியின் குரலிலேயே பதிந்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். ஆமாம் என்றால் பரோட்டா வீசுவதாக நினைக்க வேண்டும், மேட்டுத் தெருவில் வரும். இல்லை என்றால் வீட்டுக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும், ஊரணிக்கரையில் வரும். ஒவ்வொன்றையும் பல தரம் கேட்போம், ஒரு தரம் வந்ததை நம்பக் கூடாது, குழாய்க்குக்கூடச் சில நேரம் சும்மா இருமல் வரும் என்றார். என்ன கேட்கப் போகிறீர்கள் என்றார். கனி ரெண்டு கேள்வி சொன்னாள். ரெண்டாவதைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நிச்சயமா இதைக் கேக்கணுமா?" என்றார். "பதியுங்க டாக்டரம்மா, முதல் கேள்விக்குப் பதில் வந்தா, ரெண்டாவதைக் கேக்கச் சொல்லி நானே போன்ல சொல்றேன்" என்றாள் கனி.

வியாழக்கிழமை காலை இருளப்பனை உள்ளே படுக்கவைத்தார்கள். கனியால் அந்தக் கிட்டங்கிக்குள் நிற்க முடியவில்லை, மேடேறிப் போய் மேட்டுத் தெருக் குழாயடியில் நின்றுகொண்டாள். சங்கரபாண்டி அவளுக்குப் பின்னாலேயே வந்தார். குழாயடியில் குடங்கள் வழக்கம்போல வரிசையாக இருந்தன, ஆனால் யாரும் குழாய்க்கு நேரே வைக்கவில்லை. கீழே ஊரணிக்கரைத் தெருவிலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிட்டங்கியில் டொம் டொம் என்று மெஷின் இடிக்கத் தொடங்கியதும் எல்லோர் கண்ணும் குழாய் வாய்க்குப் போனது.

உள்ளே இப்போது தன் குரல் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கனிக்குத் தெரியும். என்னங்க, நான் கனி. நான் பேசுறது கேக்குதா? கேக்குதுன்னா பரோட்டா வீசுங்க.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம் ஆயிற்று. குழாயில் ஒன்றுமில்லை. மெஷின் நின்று மறுபடி இடித்தது, மறுபடி கேட்டிருப்பார்கள். ஒன்றுமில்லை. மூன்றாவது தரமும் காற்றுகூட வரவில்லை. சங்கரபாண்டி துண்டை வாயில் பொத்திக்கொண்டார். தண்ணீர் வராவிட்டால் அவர் இல்லை என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொன்னதைக் கனி மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள், சொல்லச் சொல்ல அதன் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

நாலாவது தரம் குழாய் வாயில் ஒரு சொட்டு திரண்டது. திரண்டு, தொங்கி, விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மெல்லிசாக ஒரு கோடு, பிறகு விரல் தடிமன், பிறகு மணிக்கட்டுத் தடிமன், பிறகு இருளப்பன் திருவிழா நாளில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாவைத் தலைக்கு மேலே சுழற்றி அறைகிற வேகத்தில் தண்ணீர் வந்து தரையில் மோதி எல்லோர் காலையும் நனைத்தது. யாரும் குடத்தை நீட்டவில்லை. டாக்டர் உள்ளே நிறுத்தச் சொன்னதும் நின்றது, வீசச் சொன்னதும் வந்தது, நிறுத்தச் சொன்னதும் நின்றது, வீசச் சொன்னதும் வந்தது. சங்கரபாண்டி குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ரெண்டு கையாலும் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, இருக்கியாடா, உள்ளதான் இருக்கியாடா" என்று கேட்டுக் கேட்டு அழுதார். போனில் டாக்டரின் குரல் கேட்டது. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை, "இருக்கார் சண்முகக்கனி, எவ்வளவு அழகா இருக்கார் தெரியுமா, படம் பூரா சிவப்பு" என்றார்.

கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "டாக்டரம்மா, அடுத்ததைக் கேளுங்க" என்றாள்.

சங்கரபாண்டி திரும்பிப் பார்த்தார். கேள்வி என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் தாயி. நான் சொன்னதெல்லாம் தப்பு. இருக்கான்ல, அது போதும். அதைக் கேக்க வேண்டாம்."

"இருக்காகன்னு தெரிஞ்ச பெறகுதான் மச்சான் கேக்கணும். இல்லாதவுகளுக்குன்னா நாமளே முடிவு பண்ணிக்கிரலாம். இருக்கவுகளக் கேக்காம எப்படி? நான் பாட்டுக்குக் கஞ்சியை ஊத்திக்கிட்டே இருக்கேன். அவுகளுக்கு வலிக்குதோ, சலிச்சுப் போச்சோ, ஒரு நாளாவது கேட்டேனா?"

மெஷின் இடிக்கத் தொடங்கியது. என்னங்க, நீங்க உள்ள இருக்கது எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், எனக்காகப் பாக்காம சொல்லுங்க. இப்படிக் கெடந்தது போதும்னு இருக்கா? போதும்னா பரோட்டா வீசுங்க, நான் அழ மாட்டேன். இல்லன்னா நம்ம வீட்டுக்குள்ள நடங்க.

கேள்வி இன்னதென்று மேட்டுத் தெருவில் வாய்க்கு வாய் போய்விட்டது. பூச்செண்டு முன்னால் வந்து, வரிசையில் முதலாவதாக இருந்த தன் குடத்தை எடுத்துக் கவிழ்த்துவைத்தாள். பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதைக் கவிழ்த்தாள். முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்காத தெரு, பிள்ளைகள் உதடு காய்ந்து நிற்கிற தெரு, ஒரு குடம் விடாமல் கவிழ்த்துவைத்துவிட்டு, எங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு வராதே என்று தங்கள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றது. கனி குனிந்து உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடைப்பதற்குத்தான் வைத்தாளா, அவர் கையைப் பிடித்துக்கொள்வதற்கு வைத்தாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

இரும்பு சூடாக இருந்தது. உள்ளே எங்கேயோ காற்று முனகியது. சுண்ணாம்பு தடவுகிற நேரம் ஆகிவிட்டது, பதில் வந்து சேர்ந்திருக்க வேண்டும், கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழே ஊரணிக்கரைத் தெருவிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. வருது, வருது என்று யாரோ கத்தினார்கள். சங்கரபாண்டி மேட்டின் விளிம்புக்கு ஓடினார். அங்கே தண்ணீர் குழாயைத் தாண்டிப் பாய்ந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் குடத்தையும் வாளியையும் அண்டாவையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ரெண்டாம் தரம் கேட்டார்கள், அங்கேதான் வந்தது. மூன்றாம் தரமும் நாலாம் தரமும் அங்கேதான் வந்தது. நிறுத்துங்கள், போதும், ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தும் அன்றைக்கு அது நிற்கவில்லை. இருளப்பன் வாசல்படி ஏறி, முன்கட்டைத் தாண்டி, அடுப்படிக்குப் போய், கனி நிற்கிற இடத்தில் நின்று, பின்வாசல் வழியாக வந்து, மறுபடியும் வாசல்படி ஏறிக்கொண்டே இருந்தார்.

கனி குழாயிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரமில்லை. அந்தக் கையைத் தூக்கித் தெருவுக்குக் காட்டினாள். ஊரணிக்கரையில் குடங்கள் நிறைந்துகொண்டிருக்க, இந்தத் தரம் சொட்டுத் தண்ணீர் வராத மேட்டுத் தெருவில் பூச்செண்டுதான் முதல் குலவையைப் போட்டாள்.